ஆர்டி 350 கஃபே ரேசர்: இடது பிளக் மட்டும் வெளுக்கிறது, ஜெட் ஏற்றியும் அடங்கவில்லை. உதவி தேவை

கிக்கர்350

வணக்கம். கையில் இருப்பது 1973 யமஹா ஆர்டி 350, இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக். பல வருஷமாக மூலையில் நின்ற வண்டி. வீட்டிலேயே வைத்துக் கஃபே ரேசராக மாற்றிக்கொண்டிருக்கிறேன். பின்பக்க ஃபிரேமை வெட்டி வளைவு வைத்தாயிற்று. ஒற்றை சீட், கிளிப்-ஆன் ஹேண்டில், ரியர்செட் எல்லாம் ஏறிவிட்டன. ஏர்பாக்ஸை எடுத்துவிட்டு இரண்டு கார்புரேட்டருக்கும் தனித்தனி பாட் ஃபில்டர் (கார்புரேட்டர் வாயில் நேரே மாட்டும் காற்று ஃபில்டர்) போட்டேன். பழைய சைலன்சருக்குப் பதில் எக்ஸ்பான்ஷன் சேம்பர் (டூ ஸ்ட்ரோக்குக்கான, நடுவில் உப்பிய எக்ஸாஸ்ட் குழாய்). என்ஜினில் மேல்பாகம் மட்டும் பிரித்து போரிங் செய்து, புது பிஸ்டன், ரிங் போட்டிருக்கிறது. கீழே கிராங்க்கில் கை வைக்கவில்லை.

பிரச்சினை இதுதான். குளிர்ந்த வண்டி முதல் உதையிலேயே பிடித்துக்கொள்கிறது. சூடானதும், 3,500 முதல் 4,500 ஆர்பிஎம்முக்குள் ஆக்சிலேட்டரைக் கால் பாகம், அரைப் பாகம் திறந்தால் திணறுகிறது. கையை எடுத்தால் ரேஸ் உடனே இறங்குவதில்லை. 2,500-இல் தொங்கி நின்று மெதுவாகத்தான் ஐடிலிங்குக்கு வருகிறது. ஸ்பார்க் பிளக் கழற்றிப் பார்த்தால் வலது பக்கம் நல்ல பழுப்பு. இடது பக்கம் சுத்தமாக வெளுத்து, பீங்கானின் மேல் பொடிப்பொடியாக வெள்ளிப் புள்ளிகள். பிளக் என்ஜிகே பி8எச்எஸ், இரண்டும் புதிது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை இரண்டு படி பெரிதாக்கினேன். வலது பக்கம் கறுக்க ஆரம்பித்தது, இடது அப்படியே இருக்கிறது.

இதே மாடலில்தான் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றினோம். இருட்டில் பின்னால் வருவது யார் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவோம். அந்த வண்டிகள் எல்லாம் கைமாறிப் போய்விட்டன. இது ஒன்று கிடைத்திருக்கிறது, இதைச் சரியாக ஓட வைத்தே ஆக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரட்டைக்குழல்

பாட் ஃபில்டர்தான் காரணம், சந்தேகமே வேண்டாம். ஆர்டியின் ஏர்பாக்ஸ் இரண்டு கார்புரேட்டருக்கும் பொதுவான அமைதியான காற்றைக் கொடுக்கும். அதை எடுத்துவிட்டால் காற்று கூடி பெட்ரோல் கலவை மெலிந்துவிடும், பிளக் வெளுக்கும். ஜெட்டை இன்னும் ஏற்றுங்கள்.

அப்புறம், டிஸ்க் பிரேக் உள்ள அசல் 1973 மாடல்தானே? இந்தியாவில் பின்னால் வந்த டிரம் பிரேக் ராஜ்தூத் 350 என்றால் ட்யூனிங் வேறு. கேட்டுக்கொள்வது நல்லது.

கிக்கர்350

டிஸ்க் மாடல்தான் அண்ணா. ஆனால் பாட் ஃபில்டர் இரண்டு பக்கமும் ஒரே அளவு. ஒரு பக்கம் மட்டும் ஏன் வெளுக்கிறது என்பதுதான் புரியவில்லை.

மிகுனி

தம்பி, முதலில் வண்டியை ஓட்டுவதை நிறுத்து. அந்த வெள்ளிப் புள்ளிகள் பிளக்கில் இருந்து வந்தவை அல்ல, பிஸ்டன் தலையில் இருந்து தெறித்து வந்து ஒட்டிய அலுமினியம். இன்னும் கொஞ்ச தூரம் அழுத்தி ஓட்டினால் சீஸ் ஆகும் (பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிக்கொள்ளும்), இல்லை பிஸ்டனில் ஓட்டை விழும். சோதனை எல்லாம் ஸ்டாண்டில் வைத்துத்தான்.

இப்போது ஜெட் விஷயம். மெயின் ஜெட் பேசத் தொடங்குவது ஆக்சிலேட்டர் முக்கால் பாகத்துக்கு மேல். கால் பாகத்தில் இருந்து முக்கால் பாகம் வரை நீடிலின் (ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஊசி) ஆட்சி. அதற்குக் கீழே எட்டில் ஒரு பாகம் வரை ஸ்லைடின் (காற்று வழியைத் திறக்கும் உருளை) வெட்டு, அதற்கும் கீழே ஐடிலிங்குக்கான பைலட் ஜெட்டும் ஏர் ஸ்குரூவும். நீ சொல்லும் திணறல் கால், அரைப் பாகத்தில் வருகிறது. அங்கே மெயின் ஜெட்டைப் பெரிதாக்கி என்ன பயன்? நீடிலில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நீடில் உயரும், கலவை கெட்டியாகும். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆனால் அதுவும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான வைத்தியம். உன் வண்டி ஒரு பக்கம் மட்டும் நோயாகக் கிடக்கிறது. எனவே நோய் எதோடு நகர்கிறது என்று பார். இடது கார்புரேட்டரின் மெயின் ஜெட், பைலட் ஜெட், நீடில் மூன்றையும் வலதுக்குப் போடு, வலதில் உள்ளதை இடதுக்குக் கொண்டு வா. பிளக்கையும் மாற்றிப் போடு. வெளுப்பு வலதுக்கு நகர்ந்தால் கோளாறு அந்தச் சாமானில். நகராமல் இடதிலேயே நின்றால் கார்புரேட்டரை மறந்துவிடு.

இன்னொன்று: இந்த வண்டியில் தீப்பொறி கொடுக்கும் பாயின்ட், கண்டென்சர், காயில் எல்லாம் இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனி. இடது பக்க டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) முன்னே ஓடினாலும் இதே சூடு வரும். டயல் கேஜை பிளக் ஓட்டையில் வைத்து, உச்சிக்கு 2.0 மில்லிமீட்டர் முன்னால் பாயின்ட் திறக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார். கண் மதிப்பில் வைக்காதே.

கிராங்க்கேஸ்

மிகுனி அண்ணன் சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை. கிளிப்-ஆன் போட்டதாகச் சொல்கிறீர்கள். ஆக்சிலேட்டர் கேபிள் கீழே போய் மூன்றாகப் பிரியும், இரண்டு கார்புரேட்டருக்கு, ஒன்று என்ஜினுக்கு ஆயில் விடும் ஆட்டோலூப் பம்புக்கு. ஹேண்டில் தாழ்ந்ததும் கேபிளின் வளைவு மாறிவிடும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள்; ஐடிலிங் ஏறினால் கேபிள் இழுபடுகிறது. அதோடு வலது பக்கச் சின்ன மூடியைக் கழற்றி, பம்பு சக்கரத்தின் மேல் உள்ள குறி சரியான இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். கேபிள் தொய்ந்திருந்தால் பம்பு குறைவாக ஆயில் விடும். நிறையப் பேர் ஹேண்டிலை மாற்றிவிட்டு இந்த மூன்றாவது கேபிளைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

ரியர்செட்டின் வலது கால்மிதி மடங்குகிறதா? இல்லையென்றால் கிக்கர் அதில் இடிக்கும்.

கிக்கர்350

எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். கால்மிதி மடங்கும், அதில் பிரச்சினை இல்லை. ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பினால் ஐடிலிங் கொஞ்சம் ஏறியது. கேபிளைத் தொட்டிக்கு அடியில் வேறு வழியாக விட்டதும் அது நின்றது. பம்பு குறி நன்றாகவே தள்ளியிருந்தது, சரிசெய்துவிட்டேன். கிராங்க்கேஸ் நண்பருக்குப் பெரிய நன்றி. டைமிங் வலது 2.0, இடது 2.1. அதையும் 2.0-க்குக் கொண்டு வந்தேன்.

ஜெட், நீடில், பிளக் எல்லாம் பக்கம் மாற்றிப் போட்டு ஸ்டாண்டில் ஓட்டினேன். வெளுப்பு நகரவில்லை, இடதிலேயே இருக்கிறது. ரேஸ் தொங்குவதும் அப்படியே. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ரப்பர் மேனிஃபோல்டைச் சுற்றி, காற்று கசிகிறதா என்று ஸ்பிரே அடித்துப் பார்த்தேன், சத்தத்தில் மாற்றம் இல்லை.

மிகுனி

அப்படியென்றால் இடது கிராங்க் சீல், அதாவது கிராங்க் தண்டு கேஸை விட்டு வெளியே வரும் இடத்தில் காற்றை அடைக்கும் ரப்பர் வளையம். ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன்.

காரணம் சொல்கிறேன். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க்கேஸும் ஒரு பம்பு. பிஸ்டன் மேலே போகும்போது கீழே உறிஞ்சும், அந்த உறிஞ்சலில்தான் கார்புரேட்டரில் இருந்து கலவை வருகிறது. வலது பக்க சீல் கிளட்ச் பக்கம், ஆயிலில் நனைந்தபடி இருக்கும். அது போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகையாகத் தள்ளும், கியர் ஆயில் அளவு குறைந்துகொண்டே வரும். சுலபமாகத் தெரிந்துவிடும். இடது பக்க சீல் ஆல்டர்னேட்டர் பக்கம், வறண்ட இடம். அது போனால் வெறும் காற்றை உறிஞ்சும். புகை இல்லை, கசிவு இல்லை. கார்புரேட்டர் வழியாக வராத, பெட்ரோல் கலக்காத காற்று. நீ எந்த ஜெட் போட்டாலும் அந்தப் பக்கம் மெலிந்தே ஓடும், ரேஸும் தொங்கும். பல வருஷம் நின்ற வண்டியில் சீலின் ரப்பர் விறைத்துப் போவது வழக்கம். குளிர்ந்திருக்கும்போது தாங்கும், சூடானதும் விட்டுவிடும்.

ஸ்பிரே அடித்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, சீல் ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. காற்றழுத்தச் சோதனைதான் வழி. கார்புரேட்டர், சேம்பர் எல்லாவற்றையும் கழற்று. இரண்டு எக்ஸாஸ்ட் வாயையும் விரியும் ரப்பர் அடைப்பான் வைத்து இறுக்கு. இரண்டு இன்டேக் ரப்பரையும் அடைத்து, ஒன்றில் மட்டும் வால்வு வை. ஒரு சிலிண்டரை மட்டும் தனியாகச் சோதிக்க நினைக்காதே. நடுவில் இருப்பது ரப்பர் சீல் இல்லை, லாபிரிந்த் சீல் (உரசாத, பள்ளங்கள் உள்ள சீல்), காற்று இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் போகும். ஆல்டர்னேட்டரைக் கழற்றி சீல் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொள்.

அழுத்தம் 6 பிஎஸ்ஐ போதும். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீலும் பிதுங்கிவிடும். டயர் பம்பு இதற்கு ஆகாது, கை தவறினால் எங்கோ போய்விடும். பழைய ரத்த அழுத்தக் கருவி இருந்தால் அதன் ரப்பர் பல்பும் டயலும் இதற்கென்றே செய்தது போல இருக்கும். டயலில் கடைசிக் கோடு 300, அது ஏறக்குறைய 5.8 பிஎஸ்ஐ. அங்கே ஏற்றி நிறுத்து. ஒரு நிமிஷத்தில் முள் 250-க்குக் கீழே இறங்கினால் ஓட்டை இருக்கிறது. சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷால் தடவு. முதலில் நீ வைத்த அடைப்பான்கள், அப்புறம் சிலிண்டர் அடி பேக்கிங், கேஸ் இணைப்பு, கடைசியாக சீல்.

இரட்டைக்குழல்

மிகுனி சொல்வது சரியாகப் படுகிறது. ஒரு பக்கம் மட்டும் என்றபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

வெளுத்த பிளக் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அந்தக் காலத்தில் ஆர்டி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு: இடது கையின் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் லீவர் மேல். எங்கள் கூட்டத்தில் ஒருவன் மலையிறக்கத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்தான். நீண்ட இறக்கம், ஆக்சிலேட்டரை முழுக்க மூடிவிட்டு கியரிலேயே இறங்கினான். வளைவுக்குள் நுழையும்போது ஆயில் போதாமல் என்ஜின் சீஸ் ஆகி, பின்சக்கரம் கீச்சென்று கோடு இழுத்தது. அதே நொடியில் அவன் விரல் கிளட்சைப் பிடித்துவிட்டது. சக்கரம் விடுபட்டு, வண்டி சத்தமே இல்லாமல் வளைவைச் சுற்றி வந்து நின்றது. நாங்கள் எல்லோரும் இறங்கி ஓடினோம். அவன் தொட்டியின் மேல் கவிழ்ந்தபடி இருந்தான், கை கிளட்சை விடவே இல்லை. ஓரத்தில் உட்கார்ந்து என்ஜின் ஆறும் வரை காத்திருந்து, கிக்கரை மெதுவாக அசைத்து விடுவித்து, புது பிளக் போட்டு வீடு வந்து சேர்ந்தோம். அதற்குப் பிறகு இறக்கத்தில் அவ்வப்போது ஆக்சிலேட்டரைத் திறந்து ஆயில் காட்டாமல் யாரும் இறங்கியதில்லை.

கிக்கர், சரியான பிறகும் அந்த இரண்டு விரலை மறந்துவிடாதீர்கள்.

கிராங்க்கேஸ்

அந்தப் பழக்கம் எனக்கும் இன்னும் போகவில்லை. நாலு ஸ்ட்ரோக் ஓட்டும்போதும் விரல் தானாகவே போய் உட்கார்ந்துகொள்கிறது.

கிக்கர்350

சோதனை செய்துவிட்டேன். வீட்டில் பழைய ரத்த அழுத்தக் கருவி கிடந்தது, அதன் பல்பும் டயலும் வைத்துக்கொண்டேன். 300-க்கு ஏற்றி விட்டதும் முள் நிற்கவே இல்லை, கண்முன்னே இறங்கியது. முதலில் எக்ஸாஸ்ட் அடைப்பானில் ஒரு சின்னக் கசிவு, அதை இறுக்கினேன். மறுபடி ஏற்றினேன், மறுபடி இறங்கியது. இடது சீலில் சோப்புத் தண்ணீர் பட்டதும் கிராங்க் தண்டைச் சுற்றிப் பாதி வட்டத்துக்கு நுரை பூத்தது. தண்டைக் கையால் கொஞ்சம் திருப்பினால் நுரை கூடுகிறது. மற்ற இடம் எதிலும் ஒரு குமிழி இல்லை.

மிகுனி அண்ணா, வண்டியைப் பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டீர்கள். சீலை மட்டும் வெளியில் இருந்து நெம்பி எடுத்துப் புதிது தட்டிவிடலாமா, இல்லை கேஸைப் பிரிக்க வேண்டுமா?

மிகுனி

புது சீல் கையில் வந்ததும் அதன் வெளி ஓரத்தைப் பார். சுற்றிலும் வரம்பு எழும்பி இருந்தால் கேஸில் அதற்கான பள்ளம் உண்டு என்று பொருள். அதை வெளியில் இருந்து தட்டிச் செருகக் கூடாது. வரம்பைத் தேய்த்துவிட்டுத் தட்டுகிறவர்கள் உண்டு. நான் அதற்கு ஆதரவில்லை, பிடிமானம் போய்விடும். ஆர்டியின் கேஸ் கிடைவாட்டில்தான் பிரியும், கிராங்க்கும் கியரும் மேல்பாதியில் அப்படியே உட்கார்ந்திருக்கும். பயப்பட ஒன்றும் இல்லை. பிரிக்கும்போது இரண்டு சீலையும் சேர்த்து மாற்று. வலது சீலுக்கும் இதே வயதுதான். கிராங்க் பேரிங்கையும் விரலால் சுற்றிப் பார், கரகரப்பு இருந்தால் விடாதே.

தண்டில் சீலின் உதடு உரசும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பார். பள்ளம் தட்டினால் புது சீலும் சீக்கிரம் போகும். பிஸ்டனையும் வெளியே எடுத்து இடது தலையைப் பார்த்துவிடு. ஓரம் அரிக்கப்பட்டிருந்தால், புதிது என்று பார்க்காமல் மாற்று.

கிக்கர்350

முடித்துவிட்டேன். சீலில் வரம்பு இருந்தது, கேஸைப் பிரித்தேன். தண்டு சுத்தமாக இருந்தது, பேரிங் சத்தமில்லாமல் சுற்றுகிறது. இடது பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்க ஓரம் மணல் பட்டது போலச் சொரசொரப்பாக இருந்தது, அதையும் மாற்றினேன். மூடியதும் மறுபடி காற்றழுத்தம் பார்த்தேன், முள் 300-இல் நகராமல் நின்றது. அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது ரேஸ் தொங்கவில்லை, கையை எடுத்ததும் கீழே விழுகிறது. இரண்டு பிளக்கும் ஒரே நிறம், ஆனால் கறுப்பு, ஈரம். 4,500-க்குக் கீழே இன்னும் கொஞ்சம் சோம்பல் இருக்கிறது. அது தாண்டியதும் எழும்புகிற விதம் இருக்கிறதே, அந்த நாள் அப்படியே திரும்பி வந்தது போல இருந்தது.

மிகுனி

கறுப்பாக வரத்தான் செய்யும், திருட்டுக் காற்றுக்கு ஈடாக ஏற்றிய ஜெட் இன்னும் உள்ளே இருக்கிறது. மெயின் ஜெட்டை ஒரு படி இறக்கு, ஒரே நாளில் இரண்டு படி வேண்டாம். கலவை கெட்டியான பக்கத்தில் இருந்துதான் நெருங்க வேண்டும். புது பிஸ்டன் பழகும் வரை முழு ஆக்சிலேட்டர் கொடுக்காதே. பழகிய பிறகு, முழு ஆக்சிலேட்டரில் ஓடும்போதே கிளட்சைப் பிடித்து, கில் சுவிட்சை அணைத்து, அங்கேயே நிறுத்தி பிளக்கைக் கழற்றிப் பார். ஐடிலிங்கில் வீடு வந்து பார்த்தால் பிளக் வேறு கதை சொல்லும்.

கீழே உள்ள சோம்பலில் பாதி சேம்பரின் குணம். அது மேல் ரேஸுக்காகச் செய்தது, அதை ஜெட் போட்டுத் தீர்க்க முடியாது. மீதிப் பாதிக்கு, நீடில் கிளிப்பை இறக்கியிருந்தால் பழைய பள்ளத்துக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு எழுது.