ஐபி முகவரி ஒருவரின் பெயர் ஆகுமா?

படுவான்கரைப் பாடகன்:
மாமாங்கேஸ்வரர் ஆடி அமாவாசைத் திருவிழாவுக்காகப் பக்திப் பாடல் தொகுப்பு ஒன்றை வெளியிட்டோம். ஒலிப்பதிவுக்கான பணம் மனைவியின் காப்பை அடகு வைத்து எடுத்தது. கொடியேற்றம் முடிவதற்குள் முழுத் தொகுப்பும் டொரண்டில், அதாவது இணையத்தில் ஆளுக்காள் கோப்புகளைப் பகிரும் முறையில், வந்துவிட்டது. கைபேசிக் கடைகளில் அதை மெமரி கார்டில் ஏற்றிக் கொடுக்கிறார்கள். பகிர்ந்தவரின் ஐபி முகவரி, அதாவது அவருடைய இணைய இணைப்புக்குரிய எண், திரையில் தெரிகிறது. இணைப்பு நிறுவனத்திடம் பெயரைக் கேட்டால், நீதிமன்ற உத்தரவோடு வாருங்கள் என்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் எங்கள் உரிமையை ஏற்கிறது. ஆள் யாரென்று தெரியாமல் அந்த உரிமையை வைத்து என்ன செய்வது? உரிமையாளர் கேட்டவுடன் பெயரைத் தர வேண்டும்.

கல்முனைச் சட்டத்தரணி:
அண்ணா, உங்கள் இழப்பு பெரியது. ஆனால் கேட்டவுடன் பெயர் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்காவில் கண்டார்கள். அங்கே இசை நிறுவனங்களின் சங்கம், நீதிபதி பார்க்காமல் நீதிமன்ற எழுதுவினைஞர் கையெழுத்திடும் அழைப்பாணையை வைத்தே பெயர்களை வாங்கியது. 2003 செப்டெம்பரில் 261 பேர் மீது வழக்கு. அவர்களில் 12 வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். மசாசுசெட்ஸில் 66 வயதுப் பெண்மணி ராப் பாடல்களைப் பகிர்ந்தாராம்! அவர் வைத்திருந்தது மக்கின்டோஷ் கணினி. பாடல்களைப் பகிரப் பயன்பட்ட கசா மென்பொருள் அதில் இயங்காது. வழக்கைக் கைவிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில், வெரைசன் என்ற இணைய இணைப்பு நிறுவனத்தின் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம், தரவைக் கடத்த மட்டும் செய்யும் நிறுவனத்திடம் அந்த அழைப்பாணை செல்லாது என்றது.

படுவான்கரைப் பாடகன்:
அதே நாட்டில் 2007இல் மினசோட்டாப் பெண் ஒருவர் 24 பாடல்களுக்காக 2,22,000 டொலர் கட்ட வேண்டுமென்று ஜூரி தீர்ப்பளித்தது. கசாவில் இருந்த புனைபெயரையே அவர் வேறு கணக்குகளிலும் பயன்படுத்தியிருந்தார். தேடினால் ஆளைப் பிடிக்கலாம், தங்கச்சி.

கல்முனைச் சட்டத்தரணி:
புனைபெயர் என்ற தனிச் சான்று அங்கே இருந்தது. உங்களிடம் ஓர் எண் மட்டுமே இருக்கிறது.

ஆரையம்பதி நெட்வொர்க்:
அந்த எண்ணைப் பற்றிச் சொல்கிறேன், நான் செய்யும் தொழில் அது. கைபேசி இணையத்தில் ஒரே பொது ஐபியை ஒரே நேரத்தில் பலருக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். போர்ட் எண்ணும் (ஒரே ஐபியில் உள்ள இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் எண்) துல்லியமான நேரமும் இல்லாவிட்டால் எந்தச் சந்தாதாரர் என்று நிறுவனத்துக்கே தெரியாது. சந்தாதாரரைக் கண்டுபிடித்தாலும் சிம் அம்மாவின் பெயரில், கைபேசி மகனிடம், ஹாட்ஸ்பொட்டில் அவனுடைய கூட்டாளிகள். எங்கள் ஊரில் இல்லாத வீடா? பிடிபடப்போவது அம்மா.

அக்கரைப்பற்று வாசகன்:
இப்படியே பேசினால் எவனும் பிடிபடமாட்டான். உத்தரவு வாங்கச் சட்டத்தரணிக்குக் காசு வேண்டும். கொழும்பு நிறுவனம் கட்டும், காப்பை அடகு வைத்தவர் எப்படிக் கட்டுவார்? நீங்கள் அந்தரங்கம் என்று பாதுகாப்பது திருடனைத்தான்.

கல்முனைச் சட்டத்தரணி:
காசு பற்றிச் சொன்னது நியாயம். அதற்குத் தீர்வு உத்தரவு பெறும் நடைமுறையை எளிமையாக்குவது, நீதிபதியை அகற்றுவதல்ல. கனடாவில் 2004இல் இசை நிறுவனங்கள் 29 பேரின் பெயர் கேட்டன. புனைபெயருக்கும் ஐபிக்கும் உள்ள தொடர்பை ஒழுங்காக நிரூபிக்கவில்லை என்று நீதிமன்றம் மறுத்தது. மறு ஆண்டு மேன்முறையீட்டிலும் மறுப்பு நிலைத்தது. ஆனால் உண்மையான வழக்கும் முறையான சான்றும் இருந்தால் பெயரை வெளியிட உத்தரவிடலாம் என்றும் அங்கே சொன்னார்கள். தாமதித்துச் சேகரித்த தகவல் தவறான ஆளைக் காட்டக்கூடும் என்றும் எச்சரித்தார்கள்.

படுவான்கரைப் பாடகன்:
என் கோரிக்கையில் மாற்றமில்லை. உத்தரவு வருவதற்குள் நிறுவனம் பதிவுகளை அழித்துவிட்டால்?

ஆரையம்பதி நெட்வொர்க்:
அதுதான் உண்மையான ஆபத்து, அண்ணா. அழிக்க வேண்டாம் என்று இன்றே எழுத்தில் கேளுங்கள். டொரண்ட் திரையில் ஐபியோடு போர்ட் எண்ணும் இருக்கும். விநாடி வரை நேரத்தோடு படமெடுத்து வையுங்கள்.

கல்முனைச் சட்டத்தரணி:
கடிதத்தை நான் எழுதித் தருகிறேன், கட்டணம் வேண்டாம். பெயரை மட்டும் அதில் கேட்க மாட்டேன்.