பைத்தான்: லிஸ்ட்டுக்குள்ள லிஸ்ட் இருந்தா எல்லா காம்பினேஷனையும் ஸ்ட்ரிங்கா சேர்க்கறது எப்படி?

கேள்வி:
ஒரு லிஸ்ட், அதுக்குள்ள மூணு லிஸ்ட். முதல்ல "சிவப்பு", "நீலம்", அடுத்ததுல "சட்டை", "பை", "தொப்பி", கடைசில "சின்னது", "பெருசு". ஒவ்வொண்ணுல இருந்தும் ஒண்ணு எடுத்து நடுவுல ஹைஃபன் போட்டு "சிவப்பு-சட்டை-சின்னது"ன்னு எல்லாமே வேணும். இப்போ ஒண்ணுக்குள்ள ஒண்ணா மூணு ஃபார் லூப் ஓடுது, ஆனா உள்ள எத்தனை லிஸ்ட் வரும்னு முன்கூட்டியே தெரியாது, அஞ்சு வந்தா அஞ்சு லூப் எழுதணுமா? நேரா ஜாயின் பண்ணா டைப் எரர் அடிக்குது.

பதில் 1:
ஜாயினுக்கு ஸ்ட்ரிங் மட்டும்தான் தெரியும் ப்ரோ, லிஸ்ட்ட குடுத்தா எரர்தான். பைத்தான் கூடவே வர்ற இட்டர்டூல்ஸ் (itertools) மாட்யூல்ல ப்ராடக்ட்னு (product) ஒரு ஃபங்ஷன் இருக்கு, பைத்தான் 2.6லேயே வந்துருச்சு. வெளி லிஸ்ட் பேருக்கு முன்னாடி ஒரு ஸ்டார் (*) போட்டு அதுக்குள்ள அனுப்புங்க, ஒவ்வொரு காம்பினேஷனும் டியூப்பிளா (மாத்த முடியாத லிஸ்ட் மாதிரி) வரும், அத ஹைஃபன் வச்சு ஜாயின் பண்ணா முடிஞ்சுது. உங்களுக்கு 2 × 3 × 2, மொத்தம் 12 வரும். ஸ்டார மறந்துட்டா மொத்தத்தையும் ஒரே லிஸ்ட்டா எடுத்துக்கும், அப்புறம் அதே டைப் எரர்தான்.

கேள்வி கேட்டவர்:
சூப்பர், வருது! சில லிஸ்ட்ல நம்பரும் இருக்கு, அங்க மட்டும் எரர்.

பதில் 2:
ஜாயினுக்கு முன்னாடி மேப் (map) வச்சு எல்லாத்தையும் எஸ்டிஆர் (str), அதாவது ஸ்ட்ரிங் ஆக்கிடுங்க.

இன்னொண்ணு, இதுல எரரே வராது, அதான் கடுப்பு. உள்ள ஒரே ஒரு ஐட்டம்தானேன்னு "பை"ய லிஸ்ட்ல போடாம வெறும் ஸ்ட்ரிங்கா விட்டீங்கன்னா ப்ராடக்ட் அத எழுத்தெழுத்தா உடைச்சிடும், அதுவும் நாம நினைக்கிற எழுத்து இல்ல, யூனிகோட்ல "பை"ங்கறது ப தனி, ஐகாரக் குறி தனின்னு ரெண்டு கோட்பாயிண்ட் (யூனிகோட் குடுக்கற தனித்தனி நம்பர்), அதனால ஒண்ணு வர வேண்டிய இடத்துல ரெண்டு அரைகுறை வரி வந்து நிக்கும். ஒத்தை ஐட்டமா இருந்தாலும் சதுர அடைப்புக்குள்ளயே போடுங்க.

பதில் 3:
ரிசல்ட்ட மொத்தமா லிஸ்ட்டா மாத்தாதீங்க, ஃபார் லூப்ல ஒண்ணொண்ணா எடுத்து ஃபைல்ல எழுதுங்க. பத்து ஐட்டம் உள்ள லிஸ்ட் பத்து வந்தாலே ஆயிரம் கோடி காம்பினேஷன், மெமரி தாங்காது. உள்ள ஏதாவது ஒரு லிஸ்ட் காலியா இருந்தா சத்தமே இல்லாம ரிசல்ட் பூஜ்யமாயிடும், அதனால காலி லிஸ்ட்ட முதல்லயே வடிகட்டிடுங்க.