இடவியல் மின்காப்புப் பொருள்கள் டிரான்சிஸ்டரின் மின்செலவைக் குறைக்குமா?

கேள்வி: டிரான்சிஸ்டரில் மின்னோட்டம் பத்து மடங்கு மாற, அறை வெப்பநிலையில் குறைந்தது 60 மில்லிவோல்ட் தேவை என்கிறார்கள். உட்புறம் மின்னைக் கடத்தாமல் விளிம்பிலோ மேற்பரப்பிலோ மட்டும் கடத்தும் இடவியல் மின்காப்புப் பொருள்கள் இவ்வரம்பைத் தாண்ட உதவுமா?

பதில் 1: எலக்ட்ரான்கள் மாசுகளில் மோதிச் சிதறுவதால் வரும் இழப்பு, 60 மில்லிவோல்ட் வரம்பு ஆகிய இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பாதரச டெல்லுரைடு படலம் ஏறத்தாழ 6.3 நானோமீட்டர் தடிமனைத் தாண்டினால், உட்புறம் மின்னைக் கடத்தாமல் விளிம்பு மட்டும் கடத்தும் என்று பெர்னவிக், ஹியூஸ், ஜாங் ஆகியோர் 2006-இல் கணித்ததை, மறு ஆண்டே வூர்ட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் சோதனையில் கண்டனர். அவ்விளிம்பில் எலக்ட்ரானின் தற்சுழற்சி அது செல்லும் திசையோடு பிணைந்திருப்பதால், காந்தத்தன்மையற்ற மாசுகள் அதைத் திருப்பிவிடுவதில்லை. இது சிதறல் இழப்பைக் குறைக்குமே தவிர, 60 மில்லிவோல்ட் வரம்பைத் தானாக உடைக்காது.

பதில் 2: அவ்வரம்பைத் தாண்டும் வழிகளுள் ஒன்று, சலாவுதீனும் தத்தாவும் 2008-இல் முன்வைத்த ஃபெரோஎலெக்ட்ரிக் எதிர் மின்தேக்குத்திறன்; அதாவது, டிரான்சிஸ்டரின் கட்டுப்பாட்டு முனையில் ஃபெரோஎலெக்ட்ரிக் படலம் வைத்து, அங்கு தரும் மின்னழுத்தத்தை உள்ளே பெருக்குவது. விளிம்புக் கடத்தலிலும், உலோக முனை விளிம்போடு சேருமிடத்தில் எழும் தொடுமுனைத் தடை மிஞ்சவே செய்யும்; பலர் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.