கலைச்சொல் விவாதம்: கண்ணுக்கடியில் ஒட்டும் ஜெல் பேடுக்குத் தமிழில் என்ன சொல்வது?

அனுப்புநர்: கையேட்டைத் தொகுப்பவர்

அனைவருக்கும் வணக்கம்.

அழகுக்கலைப் பயிற்சிக் கையேட்டில் ஐலேஷ் எக்ஸ்டென்ஷன் பாடத்தின் சொற்பட்டியலை முடிக்க வேண்டும். எக்ஸ்டென்ஷனுக்கு ‘இமை நீட்டிப்பு’ என்று வைத்துக்கொண்டோம். மேலிமை முடியில் செயற்கை முடியை ஒட்டும்போது கீழிமை முடி பசையில் மாட்டாமலிருக்கக் கண்ணுக்கடியில் பிறை வடிவில் ஒன்றை ஒட்டுகிறார்களே, பார்லரில் ஜெல் பேட், ஐ பேட்ச் என்று சொல்வது, அதற்குச் சொல் இல்லை. வரைவில் ‘கீழிமைக் காப்பு’ என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

அனுப்புநர்: அழகுக்கலைப் பயிற்றுநர்

> ‘கீழிமைக் காப்பு’ என்று எழுதியிருக்கிறேன்

மறுப்பு உண்டு ஐயா. காப்பு என்றதும் படிக்கிற பெண் எதைக் காக்கிறோம் என்று பார்ப்பாள். கண்ணை என்று நினைத்துக்கொண்டால், எவ்வளவுக்கு எவ்வளவு கண்ணோரம் ஏற்றி வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று கை போகும். இந்த வேலையில் புதிதாக வருபவர்கள் செய்கிற முதல் தப்பே அதுதான். பேட் கண்ணுக்குள் முட்டினால் கண் சிவக்கும், நீர் வடியும். நீர் வடிந்தால் பசை கெடும்.

அந்த ஜெல் பேட் செய்கிற வேலை ஒன்றுதான்: கீழ் முடியைக் கன்னத்தோடு படிய வைத்து மூடுவது. எண்ணெய் வைத்துத் தலையைப் படிய வாருவது போல. செய்முறையைச் சொல்கிறேன், சொல்லை அப்புறம் பார்க்கலாம்.

கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றச் சொல்ல வேண்டும். மை, மஸ்காரா, முகக் கிரீம் எல்லாம் எண்ணெய் இல்லாத கிளென்சரால் போக வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் பேட் அரை மணிநேரத்தில் வழுக்கும். தோல் நன்றாக உலர்ந்த பிறகு, படுத்தபடியே கண்ணைத் திறந்து தலைக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கீழ் முடியைச் சின்ன பிரஷ்ஷால் கீழ்நோக்கி வாரிவிட்டு, பேடின் நடுவை முதலில் வைத்து, பிறகு இரண்டு ஓரத்தையும் படியவிட வேண்டும். மேல் ஓரம், மையிடுகிற ஈர விளிம்பிலிருந்து 1 முதல் 2 மி.மீ. கீழே நிற்க வேண்டும். அதற்கும் கீழே இறங்கினால் வேர்ப்பக்கம் முடி விறைத்து எழும்பி, மேல் முடியோடு சேர்ந்துவிடும்.

பிறகு கண்ணை மெதுவாக மூடச் சொல்லி, மோவாய்ப் பக்கமிருந்து விளக்கடித்துப் பார்க்க வேண்டும். தலைமாட்டில் உட்கார்ந்து மேலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். கீழிருந்து பார்த்தால்தான், பேடின் ஓரம் மடங்கி இமைகளுக்கு நடுவே இடுக்கியிருப்பது தெரியும். “ஏதாவது உறுத்துதா?” என்று கேட்டே தீர வேண்டும். உறுத்துகிறது என்றால் பேடை உரித்து மறுபடி வையுங்கள். அப்படியே இழுத்து நகர்த்தினால் முடி உள்ளுக்குள் சுருண்டுகொள்ளும்.

மூக்குப் பக்க மூலையில் இருக்கிற முடிகள் குட்டையானவை, பூனை முடி மாதிரி. அவைதான் எப்போதும் தப்பி வெளியே நிற்கும். அங்கே மட்டும் மைக்ரோபோர் என்கிற மருத்துவக் காகித டேப் ஒரு சிறு துண்டு. ஒட்டுமுன் புறங்கையில் இரண்டு முறை ஒட்டி எடுத்தால் பசையின் வேகம் குறையும். அப்படிச் செய்யாமல் ஒட்டினால், உரிக்கும்போது முடியும் கூடவே வரும்.

இன்னொன்று. படுத்திருப்பவர் சிரித்தால் கன்னம் ஏறும், கன்னத்தோடு பேடும் ஏறும். பேச்சுக் கொடுக்கிற பார்லரில் இது அடிக்கடி நடக்கும். ஒரு சிட்டிங் 2 மணிநேரம் போனால் நடுவில் மூன்று நான்கு முறையாவது பேட் இருந்த இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேடும் காய்ந்துகொண்டே வரும், ஓரம் தூக்கும்.

அனுப்புநர்: கண் பரிசோதகர்

மேலே எழுதிய பயிற்றுநர் சொல்வது சரி. மருத்துவப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இமை விளிம்பு ஒரு கோடு அல்ல. ஏறக்குறைய 2 மி.மீ. தடிமன் உள்ள ஒரு மேடை. அதன் வெளிப்பக்க ஓரத்தில் முடி முளைக்கிறது. உட்பக்கத்தில் கண்ணீர் ஆவியாகாமல் காக்கிற எண்ணெயைச் சுரக்கும் சுரப்பிகளின் வாய்கள் வரிசையாக இருக்கின்றன. அதற்கும் உள்ளே மெல்லிய சவ்வு. பேட் அந்த மேடையில் ஏறவே கூடாது. பேடின் ஓரம் சவ்வில் உரசினால் அது சிராய்க்கும்.

இமை நீட்டிப்புக்குப் பின் கண் கோளாறோடு வந்த 107 பெண்களைப் பற்றி 2012-இல் ஜப்பானிய மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பசையால் வந்த அழற்சியும் ஒவ்வாமையும்தான். ஆனால் கீழிமையை ஒட்டிவைக்கிற டேப்பாலேயே சவ்வு சிராய்த்தவர்களும் அதில் இருந்தார்கள். காப்பதற்கென்று ஒட்டிய பொருளே காயம் செய்திருக்கிறது. ‘காப்பு’ வேண்டாம் என்பதற்கு எனக்கு இது போதும்.

கீழ் முடி மாட்டினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. கீழிமையில் 75 முதல் 80 முடி, நீளம் 6 முதல் 8 மி.மீ. மேலிமையில் 90 முதல் 150 வரை, 8 முதல் 12 மி.மீ. ஒரு மேல் முடியும் ஒரு கீழ் முடியும் ஒட்டிக்கொண்டால் ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் இரண்டு வேரும் இழுபடும். நிமிடத்துக்குப் பதினைந்து முறையாவது சிமிட்டுகிறோம். வலுவில்லாத வேர் முதலில் போகும், பெரும்பாலும் அது கீழ் முடியின் வேர்தான். மறுபடி மறுபடி இழுபட்ட வேரில் முடி முளைக்காமலே போகலாம்.

அனுப்புநர்: சொல்லாய்வில் ஈடுபாடுள்ள உறுப்பினர்

காப்பு போனது. ஒரு விதத்தில் வருத்தம்தான். காப்புக் கட்டியவர் திருவிழா முடியும்வரை ஊரைத் தாண்டக் கூடாது என்பார்கள், இங்கேயும் 2 மணிநேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும்! ஆனால் சொல்லே கையைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோனால் அது கலைச்சொல் ஆகாது.

மற்றவற்றைப் பார்ப்போம். ‘வில்லை’ கூடாது. கான்டாக்ட் லென்ஸுக்குத் தொடுவில்லை என்கிறோம். “வில்லையைக் கழற்றிவிட்டு வில்லையை ஒட்டவும்” என்று கையேட்டில் வந்தால் விபரீதம். ‘திண்டு’ என்றால் கனமான, சாய்ந்து உட்காருகிற பொருள் நினைவுக்கு வரும். இது 1 மி.மீ.கூட இருக்காது. ‘ஒட்டு’ நன்றாக இருந்தாலும், ஒட்டு மீசை, ஒட்டு முடி வரிசையில் நீட்டிப்பு முடியையே ‘ஒட்டு இமை’ என்று மக்கள் சொல்கிறார்கள். எது ஒட்டு, எது எதன்மேல் என்று குழம்பும். ‘அணை’ என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். அணை என்றால் தடுத்து நிறுத்துவது. மறுபடியும் விளிம்பை ஒட்டிச் சுவர் எழுப்பத்தான் தோன்றும்.

என் முன்மொழிவு: ‘பட்டை’. மெல்லியது, நீளவாக்கில் இருப்பது, தோலோடு படிந்து கிடப்பது. நெற்றியில் பட்டை போடுகிற ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘கீழிமைப் பட்டை’ என்பது பொதுப்பெயர். எதனால் ஆனதோ அதை முன்னால் வைத்தால் ஜெல் பட்டை, காகிதப் பட்டை, நுரைப் பட்டை என்று வகை பிரியும்.

பொருளுக்குப் பெயர் வைத்தால் போதாது, செயலுக்கும் வேண்டும். கீழ் முடியைப் ‘படியவைத்தல்’ என்பதைப் பயிற்றுநரே சொல்லிவிட்டார். மேலே, ஒரே ஒரு முடியை மட்டும் ட்வீசரால் பிரித்து நிறுத்துவதைப் பார்லரில் ஐசோலேஷன் என்கிறார்கள். அதற்கு ‘தனிமைப்படுத்தல்’ என்று வரைவில் பார்த்தேன். கொரோனா வார்டு மாதிரி இருக்கிறது. வகிடு எடுக்கிறோமே, அந்த ‘வகிர்தல்’ இதற்கு அப்படியே பொருந்தும். மேலே வகிர்தல், கீழே படியவைத்தல்.

அனுப்புநர்: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்

பட்டை நல்ல சொல். ஆனால் ‘இமை’ என்பதில் ஒரு சிக்கல் உண்டு. இமை என்றால் தோல் மடலா, முடியா? பேச்சில் இரண்டையும் சொல்கிறோம். மடலுக்குக் கண்மடல் என்ற சொல் இருக்கவே இருக்கிறது. மலையாளத்தார் முடியைக் கண்பீலி என்கிறார்கள். எங்களுக்கோ பீலி என்றால் மயிலிறகு. ஆகவே முடியைக் குறிக்கும் இடமெல்லாம் ‘இமைமுடி’ என்றே எழுதுங்கள். “இமையில் பசை தடவவும்” என்று ஒரு வரி தவறிப்போனால் தோலில் தடவிவிடுவார்கள். நீட்டிப்பு முடி தோலிலிருந்து 0.5 முதல் 1 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும் என்பதே விதி.

இன்னொரு கேள்வி. கீழ் முடிக்கே நீட்டிப்புச் செய்யும்போது மேல் முடியைத்தானே மேலே தூக்கி ஒட்டுவார்கள்? அப்போது பெயர் என்ன?

அனுப்புநர்: அழகுக்கலைப் பயிற்றுநர்

அப்போது மேலிமைப் பட்டை. இடத்தை மாற்றினால் போதும், அதனால்தான் எனக்கும் பட்டை பிடித்தது.

வாட்டர்லைன் என்கிறோமே, அதற்கும் ஒரு சொல் போட்டுவிடுங்கள். ‘நீர்க்கோடு’ என்றால் படிப்பவர்களுக்குப் புரியவில்லை. “மை இடுகிற இடம்” என்றால் உடனே புரிகிறது. ‘மைவிளிம்பு’ என்று வைக்கலாமா? “பட்டையின் மேல் ஓரம் மைவிளிம்பிலிருந்து 1 முதல் 2 மி.மீ. கீழே” என்று எழுதினால் வேறு விளக்கமே வேண்டாம்.

முடிகள் பசையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் பார்லரில் ஸ்டிக்கிஸ் என்கிறோம்; அதற்குப் பட்டியலில் ‘சிக்கு’ என்று இருக்கிறது. சிக்கு என்றால் சீப்பு போட்டு எடுத்துவிடலாம். இது எடுபடாது. முடி ஒன்றோடொன்று இறுகிக் கட்டையாவதைச் ‘சடை’ என்றுதான் சொல்வோம், சடை பிடித்திருக்கிறது என்று. சடை எடுக்கும் முறையைக் கையேட்டில் தனியாகப் பெட்டி கட்டிப் போட வேண்டும்.

முதலில், ஒட்டி முடித்ததும் பட்டையை உரித்துவிடக் கூடாது. கண் மூடியிருக்கும்போதே நுனி வளைந்த ட்வீசரால் ஓரத்திலிருந்து ஓரம் வகிர்ந்து பார்க்க வேண்டும். கீழ் முடி ஒன்று மாட்டியிருந்தால், “கண்ணைத் திறங்க பார்க்கலாம்” என்று சொல்லவே கூடாது; திறந்தால் வேரோடு வரும். பசை இன்னும் இளசாக இருந்தால் இரண்டு ட்வீசரால், ஒவ்வொன்றிலும் ஒரு முடியைப் பிடித்துப் பக்கவாட்டில் பிரித்தால் விட்டுவிடும். இறுகிவிட்டதென்றால் பசையை இளக்குகிற கிரீம் ரிமூவர். தண்ணீர் மாதிரி இருக்கிற ரிமூவர் கண்ணுக்குள் ஓடும், அது வேண்டாம். மைக்ரோ பிரஷ்ஷில் துளி எடுத்து அந்த இணைப்பில் மட்டும் வைத்து, டப்பாவில் போட்டிருக்கிற நேரம் காத்திருந்து, அந்த நீட்டிப்பு முடியையே கழற்றி எடுத்துவிட வேண்டும். பட்டை அதுவரை கீழே இருந்தால்தான் ரிமூவர் தோலில் இறங்காது. சடை விடவில்லை என்றாலும், பசை தோலிலோ கண்ணிலோ பட்டுவிட்டாலும் பிய்த்துப் பார்க்காமல் கண் மருத்துவரிடம் அனுப்புவதுதான் சரி.

உரிக்கும்போது வெளி ஓரத்திலிருந்து, முடி சாய்ந்திருக்கிற கீழ்த்திசையில். ஜெல்லில் முடி பிடித்துக்கொண்டிருந்தால் சலைன் நனைத்த பட்ஸால் ஓரத்தை ஈரமாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக.

அனுப்புநர்: கண் பரிசோதகர்

ஈரம் என்றதும் ஒரு திருத்தம். உறையிலிருந்து எடுத்த ஜெல் பட்டையில் வழிகிற திரவத்தைத் துடைத்துவிட்டு ஒட்டச் சொல்லுங்கள். இந்தப் பசை சயனோஅக்ரிலேட், வீட்டில் இருக்கும் ஃபெவிக்விக்கின் குடும்பம். காற்று பட்டுக் காய்வதில்லை, ஈரம் பட்டுத்தான் இறுகுகிறது. ஈரம் அதிகமானால் ஒரேயடியாக இறுகி, வெள்ளை பூத்து, பிடிமானம் இல்லாமல் உதிரும். பட்டை கண்ணைக் குத்திக் கண்ணீர் வந்தாலும் இதே கதைதான். கண் முழுதாக மூடாமல் பட்டை இடுக்கியிருந்தால் பசையின் ஆவியும் அந்த இடைவெளி வழியாக உள்ளே போகும். முடிந்த பிறகு “கண் எரியுது” என்பவர்களில் சிலருக்குக் காரணம் பசையின் தரமாக இருக்காது, பட்டை வைத்த இடமாகத்தான் இருக்கும்.

அனுப்புநர்: கையேட்டைத் தொகுப்பவர்

அனைவருக்கும் நன்றி. பட்டியலில் மாற்றிவிட்டேன்: கீழிமைப் பட்டை, படியவைத்தல், வகிர்தல், மைவிளிம்பு, சடை, இமைமுடி. ஜெல், டேப், ட்வீசர், ரிமூவர் ஆகியவற்றை அப்படியே விடுகிறேன். கடையில் கேட்டு வாங்க வேண்டியவை.

> ‘கீழிமைப் பட்டை’ என்பது பொதுப்பெயர்

‘கீழிமை’க்கும் ‘பட்டை’க்கும் நடுவே ப் வருமா என்று ஒருவர் கேட்டிருந்தார், வரும்.

ஒரு சங்கடம். பாடத்துக்கு வரைந்து வந்த படத்தில் பட்டை மைவிளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, கீழ் முடி ஒன்றுகூடத் தெரியவில்லை. அழகாக இருக்கிறது, ஆனால் தப்பு. முடியின் வேர் சற்றே தெரிகிற மாதிரி, இடைவெளியை அம்புக்குறி போட்டுக் காட்டி, திருப்பி வரையச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். மோவாய்ப் பக்கமிருந்து பார்க்கிற கோணத்தில் இன்னொரு படமும் கேட்டிருக்கிறேன். வந்ததும் இங்கே போடுகிறேன், பயிற்றுநர் ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும்.