வயதான பூனை லிட்டர் பாக்ஸுக்கு வெளியே போகிறது, வழி சொல்லுங்கள்

எங்கள் மீனுவுக்கு 14 வயது. குட்டியிலிருந்தே லிட்டர் பாக்ஸைத் தவிர வேறெங்கும் போகாதவள், இப்போது அதற்குப் பக்கத்திலேயே தரையில் சிறுநீர் விட்டுவிடுகிறாள். மலம் மட்டும் பெரும்பாலும் உள்ளேதான்.

டாக்டரிடம் காட்டியாயிற்று. ரத்தம், சிறுநீர் இரண்டிலும் தொற்றோ சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ இல்லை. பின்னங்கால் மூட்டுகளில் தேய்மானம் என்றார், வலிக்கு மருந்து கொடுத்து வருகிறோம். நானும் பார்க்கிறேன், பெட்டி விளிம்பில் முன்கால்களை வைத்துக்கொண்டு தயங்கி நிற்கிறாள், அப்புறம் இறங்கிவிடுகிறாள். அடம்பிடிக்கிறாள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. வலிக்கிற உடம்பு அது.

வாசனையில்லாத மணல்தான் போடுகிறேன், காலையும் மாலையும் அள்ளிவிடுகிறேன். தரையை என்சைம் கிளீனரால் துடைக்கிறேன். அம்மோனியா கலந்தவற்றின் வாடை சிறுநீரைப் போலவே இருந்து மறுபடியும் அங்கேயே இழுக்கும் என்பதால் அதைத் தொடுவதில்லை.

ஒரு பக்கம் தாழ்வாக வெட்டிய பிளாஸ்டிக் தொட்டியை வயதான பூனைக்கு வைத்தவர்கள் இருக்கிறீர்களா? நுழையும் இடத்தை எவ்வளவு உயரத்தில் விட்டீர்கள்? மணல் வெளியே சிதறாமல் இருக்க என்ன செய்தீர்கள்? மணலைக் குறைவாகப் போட்டால் கால் புதையாமல் நிற்க வசதியாக இருக்குமா? அவள் படுக்கும் இடத்துக்கு அருகில் இன்னொரு பெட்டி வைக்கப்போகிறேன். அவள் அதற்குப் பழகியதும் பழையதை எடுத்துவிடலாமா, இல்லை இரண்டுமே இருக்கட்டுமா? மூட்டுவலியுள்ள பூனையை வளர்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.