கனவில் நடந்தால் அறிவியல் புனைவு இல்லையா?

நிலாவெளியான்:
திருகோணமலையில் சென்ற ஞாயிறு நடந்த வாசகர் கூட்டத்தில், பெண்ணிய அறிவியல் புனைவு 1905 இல் வங்காளப் பெண் எழுத்தாளர் றொக்கேயா சகாவத் ஹுசைன் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ கதையிலேயே தொடங்கிவிட்டது என்று ஒரு சகோதரி அடித்துச் சொன்னார். சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தவள் விழித்தெழுவதோடு முடியும் கதை எப்படி அறிவியல் புனைவாகும்? 1969 இல் வந்த, அமெரிக்கப் பெண் எழுத்தாளர் ஊர்சுலா லெ குவினின் ‘இருளின் இடது கை’ நாவலே உண்மையான தொடக்கம்.

தம்பலகாமத்தாள்:
அந்தச் சகோதரி நான்தான், ஐயா. அந்தக் கனவு நாட்டுப் பெண்கள் குழாய்கள் பொருத்திய பலூனை மேகத்துக்கு மேலே மிதக்கவிட்டு நீரை இறக்குகிறார்கள். சூரிய வெப்பத்தில் சமைக்கிறார்கள். படையெடுத்து வந்தவர்களை அதே வெப்பத்தைக் குவித்து விரட்டுகிறார்கள். ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கும் அந்த நாட்டில், இத்தனையையும் கண்டுபிடித்தவை பெண்களின் பல்கலைக்கழகங்கள். இக்கதை சென்னையில் ஒரு மகளிர் இதழில் அச்சேறியபோது லெ குவின் பிறக்கவேயில்லை.

நிலாவெளியான்:
எல்லாம் கனவில். கனவில் யானையும் பறக்கும்.

உப்புவெளி வாசகன்:
அமெரிக்கப் பெண் எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் ‘ஹெர்லாண்ட்’ நாவல் 1915 இல் இதழில் தொடராக வந்து, நூலாவதற்கு 1979 வரை காத்துக் கிடந்தது. மறக்கப்பட்ட படைப்பு என்றால் அதுவல்லவா? அதில் கனவும் இல்லை.

தம்பலகாமத்தாள்:
தம்பி, ஆண் துணையின்றியே பெண்கள் பிள்ளை பெறும் அந்த நாட்டை அறிவியல் என்று ஏற்கிற நீங்கள், சூரிய அடுப்பைக் கனவென்று தள்ளுபவருக்கு ஏன் துணை போகிறீர்கள்? என்னிடம் வாங்கிச் சென்ற ‘ஹெர்லாண்ட்’ பிரதியையும் திருப்பித் தாருங்கள்.

உப்புவெளி வாசகன்:
அதைக் கூட்டத்திலேயே மேசையில் வைத்தேன். பத்துப் பேர் பார்த்தார்கள்.

தம்பலகாமத்தாள்:
என் கைக்கு வரவில்லை. ஆண் ஒருவன் நாளுக்கு 12 சுருட்டு புகைக்கிறான், ஒன்று எரிந்து முடிய அரை மணி நேரம், ஆகவே அலுவலகத்தில் 6 மணி நேரம் வீண் என்று, கனவில் சுல்தானாவுக்கு நாட்டைச் சுற்றிக் காட்டும் சகோதரி சாரா கணக்குப் போடும் இடத்தை நிலாவெளியான் வாசித்தாரா? அந்தக் கணக்கை எழுதிய றொக்கேயா, வீட்டார் உறங்கிய பின் அண்ணனிடம் இரகசியமாக ஆங்கிலம் கற்றவர். ஜேம்ஸ் டிப்ட்ரி என்ற பெயரில் வந்த கதைகளை ஆணால் மட்டுமே எழுதமுடியும் என்று 1975 இல் அறிவியல் புனைவு எழுத்தாளர் றொபேர்ட் சில்வர்பேர்க் உறுதியாக எழுதினார். எழுதியவர் அலிஸ் ஷெல்டன் என்ற பெண் என்பது பின்னர்தான் வெளியானது. பெண் பெயரில் வந்தால் மட்டும் கனவா, நனவா என்று சோதிக்கிறீர்கள்.

நிலாவெளியான்:
நான் கேட்டது கனவைப் பற்றி. நீங்கள் சுருட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

தம்பலகாமத்தாள்:
கூட்டத்தில் இதைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் நேரம் முடிந்ததென்று மணி அடித்தீர்கள்.

உப்புவெளி வாசகன்:
மணி அடித்தது நான், அக்கா. உங்களுக்கு ஏற்கெனவே இருவரின் நேரம் தந்திருந்தோம்.

நிலாவெளியான்:
கனவுக்கு இன்னும் பதில் வரவில்லை.