தண்ணீர் ஊற்றக் கூடாத தீயை நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

குடுவைக்காரன்

ஆண்டுகள் பல கடந்துவிட்டன. ஆனால் அந்த ஈரத் துடைப்பான் மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை. ஆய்வுக்கூடத்தில், மண்ணெண்ணெயில் மூழ்கவைத்த சோடியம் உலோகப் புட்டி மேசை விளிம்பிலிருந்து விழுந்து உடைந்தது. மண்ணெண்ணெய் தரையில் பரவ, பட்டாணி அளவுத் துண்டுகள் ஏழெட்டு அதில் கிடந்தன. நான் இடுக்கியைத் தேடித் திரும்பிய நேரத்தில், எண்ணெயைத் துடைத்துவிடலாம் என்று உதவியாளர் துடைப்பானுடன் வந்தார். அதன் நுனியிலிருந்து நீர் சொட்டுவதை நான் பார்த்தேன். பார்த்தும், வாய் திறப்பதற்குள் அவர் அதைத் தரையில் வைத்து அழுத்திவிட்டார்.

சோடியத் துண்டு நீர்ப்பரப்பில் ஓடிக்கொண்டே இருந்தால் பல சமயம் தீப்பிடிக்காமலே கரைந்து தீரும். ஈரத் துணிக்குள் சிக்கி ஓரிடத்தில் நின்றால்தான் வெப்பம் தேங்கி, வெளிவரும் ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளும். இங்கே நடந்தது அதுதான். முதலில் ஒரு சீறல், பிறகு மஞ்சள் சுடர், அடுத்த கணமே மண்ணெண்ணெய். அலமாரியில் இருந்த உலர்ந்த உப்பைக் கொட்டி மூடினோம், அணைந்தது. அரை நொடி முன்னதாகக் கத்தியிருக்கலாமே என்ற உறுத்தல் அணையவில்லை.

செந்தணல்

தீயணைப்புப் பணியில் இருந்தபோது கண்டதைச் சொல்கிறேன். கொட்டும் மழையில், கார்பைடு உருளைகள் ஏற்றிய லாரி ஒன்று சாலையோரம் நின்றிருந்தது. நனைந்தால் ஆபத்து என்று காட்டும் நீலச் சாய்சதுரமும், கார்பைடைக் குறிக்கும் 1402 என்ற எண்ணும் தெளிவாகத் தெரிந்ததால், குழாயை விரித்த பிறகும் நீரைத் திறக்க வேண்டாம் என்று எங்கள் தலைவர் நிறுத்திவிட்டார். தார்ப்பாய் கிழிந்த இடத்தில் நசுங்கிய உருளை ஒன்றுக்குள் மழைநீர் இறங்கியிருந்தது. கார்பைடு நனைந்து கிளம்பிய அசிட்டிலீன் வாயு, மூடி விளிம்பிலிருந்து கரிப்புகை கக்கியபடி எரிந்துகொண்டிருந்தது. பூண்டு அழுகியது போன்ற வாடை வேறு. அந்தச் சுடரை அணைத்தால் வாயு எரியாமல் சேர்ந்து எங்கோ வெடிக்கும் என்பதால் அதை எரியவிட்டு, இறக்கிவைத்திருந்த மற்ற உருளைகள் நனையாதபடி மட்டும் மூடிவிட்டு விலகி நின்றோம்.

ஓட்டுநர் என் சட்டையைப் பிடித்து, "வண்டி நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறீர்களே, ஐயா!" என்று அழுதார். நாங்கள் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மனிதருக்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. 2015இல் சீனாவின் தியான்ஜின் துறைமுகக் கிடங்கில் கார்பைடு மீது நீரைப் பாய்ச்சியதன் விளைவை உலகமே பார்த்ததல்லவா?

லேத் கை

எங்கள் பட்டறையில் மெக்னீசியம் சீவல் தொட்டி பற்றிக்கொண்டது. அருகிலிருந்தவர் கரியமில வாயுத் தீயணைப்பானை எடுத்து அடித்தார். மெக்னீசியம் அந்த வாயுவிலிருந்தே ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு எரியும் என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தொட்டி வெளிச்சமாக வெடித்தாற்போல் இருந்தது. கண்ணை மூடிய பின்னும் வெள்ளை வட்டம் மறையவில்லை. மறுநாள் வெள்ளைச் சாம்பலில் கறுப்புத் துகள்கள் கிடந்தன. அவை அந்த வாயுவிலிருந்து பிரிந்த கரி.

அதற்குப் பிறகு தீ வாளியிலிருந்த மணலைக் கொட்டினோம். வெளியே தொங்கிய வாளி அது. மேல் மணல் உலர்ந்திருந்தது, அடி மணல் ஈரம். அந்த ஈர மணல் விழுந்தவுடன் பட்பட்டென்று பொறிகள் மார்பு உயரத்துக்குத் தெறித்தன. 'மணல் போட்டால் போதும்' என்று சொல்பவர்கள் முதலில் தங்கள் வாளிக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டுப் பார்க்கட்டும்.

விதிப்படி

நான் கண்டது சிறு விபத்து. சாக்கு கிழிந்து மெக்னீசியப் பொடி கொட்டியது, தீப்பிடிக்கவில்லை. ஆனால் மேலே எழுதியவர்கள் அனைவரும் தவறவிட்ட சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, எண்ணைப் படிக்காமல் எவரும் நெருங்கக் கூடாது. வட அமெரிக்க அவசரக்கால வழிகாட்டியில் சோடியமும் கார்பைடும் 138ஆம் வழிகாட்டியின் கீழ் வருகின்றன. நீர், நுரை இரண்டுமே அங்கே விலக்கப்பட்டுள்ளன. சிந்தியது திண்மமாக இருந்தால் எல்லாத் திசைகளிலும் குறைந்தது 25 மீட்டரும் திரவமாக இருந்தால் 50 மீட்டரும் காலி செய்ய வேண்டும். புகை போகும் பக்கம் நில்லாமல், காற்று வரும் பக்கமே நிற்க வேண்டும், ஏனெனில் சோடியம் எரிந்து எழும் வெண்புகை தொண்டையை அரிக்கும் காரப் புகை. சிந்திய பொடியைப் பெருக்கக் கூடாது. பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, உலர்ந்தபடியே வைத்து, தெரிந்தவர் வரும்வரை விட்டுவிட வேண்டும். சாக்கடைப் பக்கம் தள்ளுவதைப் போன்ற மடமை வேறில்லை, அங்கே இருப்பதே தண்ணீர்தான்.

உலோகம் எரியும்போது அதை அணைக்கப் போடும் பொடியை வீசி எறியாமல், நீண்ட பிடியுள்ள கரண்டியால் ஓரத்திலிருந்து மெல்லப் படியவிட வேண்டும். மேலே ஓடு கட்டிவிட்டது என்று கிளறினால் உள்ளே உருகிய உலோகம் மறுபடி பற்றும். லித்தியத்துக்கு கிராஃபைட் அல்லது செம்புப் பொடி வைத்திருப்பது நல்லது, லித்தியம் நைட்ரஜனோடும் வினைபுரியும். பழைய பொட்டாசியத்தின் மீது மஞ்சள் பொருக்கு கண்டால் கத்தியை எடுக்கவே வேண்டாம். எண்ணெயோடு சேர்ந்து அழுத்தம் படும்போது அது வெடிக்கக் கூடியது. குடுவைக்காரர் தம் உதவியாளருக்கு என்ன முதலுதவி செய்தார் என்று எழுதவில்லை. உடம்பில் ஒட்டிய துண்டுகளை முதலில் உலர்வாகத் தட்டி எடுத்துவிட்டு, பிறகே 20 நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். தீ என்றால் உலர் பொடித் தீயணைப்பான் எப்போதும் கைவசம் இருக்க வேண்டும்.

எரிகல்

விதிப்படி அவர்களே, இவ்வளவும் எழுதிவிட்டுக் கடைசி வரியில் சறுக்கிவிட்டீர்கள். 'உலர் பொடி' என்று நாம் சொல்லும் ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன. சுவரில் தொங்கும் சாதாரண உருளையில் இருப்பது பெரும்பாலும் அம்மோனியம் பாஸ்பேட். எரியும் உலோகத்துக்கு அது உகந்ததன்று, பீறிடும் வேகத்திலேயே துகள்களை நாலாபுறமும் சிதறடிக்கும். உலோகத் தீக்கென்று தனியாக வரும் 'டி' வகைப் பொடி உப்பு அல்லது கிராஃபைட் போன்றவற்றால் ஆனது. நான் சுவரில் இருந்ததை எடுத்து அடித்து, எரிந்த சோடியத்தை மூன்று இடங்களுக்குப் பரப்பியவன் என்பதால் சொல்கிறேன்.

செந்தணல் ஐயாவுக்கும் ஒன்று. தியான்ஜினில் கார்பைடு இருந்ததாகப் பேச்சு பலமாக அடிபட்டது உண்மை. ஆனால் அதிகாரபூர்வ விசாரணை தீயின் தொடக்கமாகச் சொன்னது, ஈரப்பதம் உலர்ந்து தானாகச் சூடேறிய நைட்ரோசெல்லுலோஸை. 165 பேர் இறந்து, 8 பேர் காணாமற்போன விபத்தை நம் வாதத்துக்கு ஏற்ப வளைக்க வேண்டாம்.

செந்தணல்

ஏற்றுக்கொள்கிறேன். லாரி விஷயத்தில் மாற்றமில்லை.

கிடங்குக் கணக்கர்

என் கதையில் உலோகமே இல்லை. தானியக் கிடங்கில் பூச்சிகளைக் கொல்லும் புகையூட்டம் முடிந்த பின், அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளின் சாம்பல் பொடியை எல்லாம் ஒரு வாளியில் திரட்டி மூடி வைத்திருந்தார்கள். வேலை தீர்ந்த பொடிதானே என்று ஒருவர் மூடியைத் திறந்து, மேலிருந்து ஒரு குவளை நீரை ஊற்றினார். முழுதாகத் தீராத பாஸ்பைடு குவியலுக்குள் இருந்திருக்கிறது. நீர் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் வாயு ஒரே மூச்சில் கிளம்பி 'புஸ்' என்று தீப்பற்றியது. அவருடைய புருவ மயிர் கருகிச் சுருண்டிருந்ததை நான் அருகில் நின்று பார்த்தேன். நல்லவேளை, வாசலுக்கு வெளியே வைத்துத் திறந்தார். அந்த வாயுவின் நச்சு தீயைவிடக் கொடியது.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பொடியை ஒழிக்கும் முறையிலும் தண்ணீர் உண்டு. வெட்ட வெளியில், சோப்பு கலந்த நீர் நிறைந்த பாத்திரத்தில் பொடியைச் சிறிது சிறிதாக இட வேண்டும். அவர் பொடியின் மேல் நீரை இட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

குடுவைக்காரன்

விதிப்படி கேட்டதற்குப் பதில்: உதவியாளரின் புறங்கையில் இரண்டு சிறு துணுக்குகள் ஒட்டியிருந்தன. அவர் குழாயை நோக்கி ஓடினார். இந்த முறை நான் கத்தினேன். மடித்த உலர்ந்த துணியால் தட்டிவிட்ட பிறகே கையைக் குழாயடியில் பிடித்தோம். தழும்பு ஒன்று தங்கியது, வேறொன்றும் இல்லை.

சோடியம் எரிந்த இடத்தில் சிமெண்டுத் தரை பொரிந்து பெயர்ந்து, உள்ளங்கை அளவுக்குக் குழி விழுந்துவிட்டது. காய்ந்த கான்கிரீட்டுக்குள்ளும் நீர் இருக்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். அந்தக் குழியை இன்னும் யாரும் பூசவில்லை. அதில் தேங்கும் தூசியை இன்றைக்கும் ஈரத் துடைப்பானால்தான் எடுக்கிறார்கள்.